ஸ்கூல் சைக்காலஜி: எங்கே சேர்வது என்று கேட்பவர்களுக்கு

நவம்பர் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மாவட்டத்தில் ஸ்கூல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழர்களில் இந்த வேலை பார்ப்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதனால் சைக்காலஜியில் இளங்கலை முடிக்கப் போகிற பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் என் நம்பர் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பேசுகிறவர் மாறினாலும் முதல் கேள்வி மாறுவதில்லை: "எந்த யுனிவர்சிட்டி பெஸ்ட் ஆன்ட்டி?"

இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. இன்ஜினியரிங்குக்கும் எம்.பி.ஏ.வுக்கும் பார்க்கிற மாதிரி தரவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வருவது இந்தப் படிப்புக்குச் சரிப்பட்டு வராது. பாடத்திட்டத்தைக் கடைசி வருடத்திலிருந்து படியுங்கள் என்பேன். அது ஏன் என்று போனில் பாதியும் வாட்ஸ்அப்பில் பாதியுமாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் வேலை என்ன என்று தெரிய வேண்டும். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கவுன்சலர் வேலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மனம் சோர்ந்த குழந்தை எதிரே உட்கார்ந்திருக்கும், நாம் கனிவாகக் கேட்டுக்கொண்டிருப்போம் என்று நினைப்பு. அதுவும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் நாளின் பெரும்பகுதி சோதனை, மீட்டிங், அறிக்கை. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. குறைபாடுள்ள எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளி தகுந்த கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது அதற்கு ஐடியா என்று பெயர். ஒரு குழந்தை அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று மதிப்பீடு செய்கிற குழுவில் நான் ஒருத்தி. பெற்றோர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது மத்தியச் சட்டம். மாநிலம் தனியாகக் கெடு வைத்திருந்தால் அதுதான் கணக்கு. நியூ ஜெர்சியில் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டம் எல்லாம் முடிந்து அது நடைமுறைக்கு வர 90 நாள். அந்த 90 நாளுக்குள் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வரும், பனிப்பொழிவும் வரும், அம்மாவுக்கு லீவு கிடைக்காமல் மீட்டிங்கும் தள்ளிப் போகும்.

இங்கே அந்தக் குழுவுக்கு சைல்ட் ஸ்டடி டீம் என்று பெயர். ஒரு சைக்காலஜிஸ்ட், கற்றல் குறைபாடுகளுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு சோஷியல் வொர்க்கர் என்று மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் குழந்தைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். என் பங்குக்கு வந்த குழந்தைக்கு பஸ் வரவில்லை என்றாலும் போன் எனக்குத்தான் வரும். பக்கத்து மாநிலத்தில் இதே வேலையில் இருக்கும் தோழிக்கு இந்தச் சுமை இப்படி இல்லை. அவள் வேறு மாதிரி அவதிப்படுகிறாள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்றால் பாதி, மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். சான்றிதழ் தருவது மாநிலம். டெக்சாஸில் இந்தப் பதவிக்கே பெயர் வேறு, உரிமம் வழங்குகிற அமைப்பும் வேறு. கலிபோர்னியாவில் வேறு வகைச் சான்றிதழ். நியூயார்க்கில் இருமொழிக்கு என்று கூடுதலாக ஒன்று உண்டு. காகிதம் மட்டும் வேறு என்றால் சமாளித்துவிடலாம். வேலையைக் கற்றுக்கொடுக்கும் விதமே இடத்துக்கு இடம் வேறு. கலிபோர்னியாவில் லாரி பி. என்று ஒரு வழக்கு நடந்தது. ஐ.க்யூ. சோதனையை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் தள்ளுவதற்கு எதிரான வழக்கு. 1979-ல் தீர்ப்பு வந்தது, அந்தச் சோதனைகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று. அதன் நிழல் இன்றும் அந்த மாநிலத்துப் பயிற்சியில் விழுகிறது. ஐ.க்யூ. எண் இல்லாமல் ஒரு குழந்தையைப் புரிந்துகொள்ள அங்கே படித்தவர்களுக்குக் கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாங்கள் இங்கே வெக்ஸ்லர் என்ற ஐ.க்யூ. சோதனைப் பெட்டியைக் கையில் எடுத்தபடியே வளர்ந்தவர்கள்.

அதே மாதிரிதான் கற்றல் குறைபாடும். ஐ.க்யூ.வுக்கும் படிப்புத் திறனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்து முடிவு செய்வது பழைய வழி. அந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று 2004 சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது. குழந்தைக்குப் படிப்படியாகக் கூடுதல் உதவி கொடுத்து, அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் வழியும் வந்துவிட்டது. இதில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் சொல்லி, எந்த மாவட்டத்தில் எது நடக்கிறது என்றும் சொல்கிறவர் பள்ளிக்குள் போய் வருகிறவர். புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் ஒன்றைத் திட்டி ஒன்றைப் புகழ்வார்.

சரி, பட்டத்துக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்கள் லைனுக்கு வருவது இங்கேதான். போன வருடம் எடிசனிலிருந்து ஓர் அண்ணன் மகளுக்காகப் பேசினார். மகள் ஸ்பீக்கரில் பக்கத்திலேயே இருக்கிறாள்.

"என்னம்மா இது, மூணு வருஷம் படிச்சும் டாக்டர் இல்லைன்னா எப்படி? இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துப் படிச்சா பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம்ல?"

"போட்டுக்கலாம் அண்ணா. ஆனா அவ எங்க வேலை பாக்கப் போறான்னு கேட்டீங்களா?"

"ஸ்கூல்லதான்."

"அப்ப தேவையில்லை அண்ணா."

அந்தப் பக்கம் மகள் சிரிப்பது கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

கணக்கு இதுதான். பள்ளியில் வேலை பார்க்க அடிப்படைத் தகுதி, முதுகலைக்கும் முனைவருக்கும் நடுவே வருகிற ஸ்பெஷலிஸ்ட் நிலைப் பட்டம். பெரும்பாலும் எட்.எஸ். என்று இருக்கும். சில பல்கலைக்கழகங்களில் எம்.ஏ.வோடு ஒரு சான்றிதழ் என்று இருக்கும். பெயர் எதுவானாலும் அளவு ஒன்றுதான். ஸ்கூல் சைக்காலஜிஸ்டுகளின் தேசிய அமைப்பான நாஸ்ப் சொல்லும் தரம், முதுகலை நிலையில் குறைந்தது 60 கிரெடிட், முழு நேரமாக மூன்று வருடம், அதில் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். முனைவர் பட்டமென்றால் குறைந்தது நான்கு வருடம், 90 கிரெடிட், 1,500 மணி நேரம். நான்கு என்பது காகிதத்தில். ஆய்வேடும் சேர்ந்து ஐந்து, ஆறு என்று போவதுதான் நான் பார்த்தது. பள்ளியில் சம்பளம் ஒரு அட்டவணைப்படி. இத்தனை வருட அனுபவம், இத்தனை கிரெடிட் என்று கட்டம் கட்டமாக அச்சடித்து வைத்திருப்பார்கள். எட்.எஸ். முடித்தவருக்கும் முனைவருக்கும் நடுவே பெரும்பாலும் சில ஆயிரம் டாலர்தான் வித்தியாசம். அந்த இரண்டு, மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் இருந்ததை அதை வைத்து ஈடுகட்ட வெகுகாலம் ஆகும். ஓய்வூதியக் கணக்கும் அத்தனை வருடம் தாமதமாகத்தான் தொடங்கும்.

முனைவர் பட்டம் யாருக்குத் தேவை என்றால், பேராசிரியராக வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு. தனியாக கிளினிக் வைக்க நினைப்பவர்களுக்கும்தான். இங்கே தனியாக சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முனைவர் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். கலிபோர்னியாவில் சில வருட அனுபவத்துக்குப் பிறகு முதுகலையோடு வேறொரு உரிமம் எடுத்து வெளியே மதிப்பீடு செய்ய வழி இருக்கிறது. மீண்டும் மாநிலம்தான், பார்த்தீர்களா.

முனைவரிலும் இரண்டு வகை. பி.எச்.டி.யில் ஆராய்ச்சி அதிகம், உதவித்தொகை கிடைக்க வாய்ப்பும் அதிகம். சை.டி. என்பது நடைமுறை சார்ந்த முனைவர் பட்டம். பல இடங்களில் கட்டணத்தை நாமே கட்ட வேண்டியிருக்கும். எங்கள் மாநிலத்தில் ரட்கர்ஸ் கொடுப்பது இந்த வகை. பெயர் பெற்ற இடம், 1974 முதல் இருக்கிறது. ரட்கர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகளின் அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அதே மாநிலத்தில் ரைடர், ரோவன் போன்ற இடங்களில் ஸ்பெஷலிஸ்ட் நிலையில் படித்துவிட்டு வருகிறவர்கள் அதே பள்ளியில் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் விண்ணப்பித்தபோது என் கையிலும் இரண்டு கடிதம் இருந்தது. ஒன்று முனைவர் படிப்புக்கு, கொஞ்சம் தொலைவில். இன்னொன்று வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருந்த ஸ்பெஷலிஸ்ட் படிப்பு. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு வந்தவள் நான். வகுப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. மாமியார் மட்டும், "அந்த இன்னொரு காலேஜ்தான் பெரிசுன்னு சொன்னாங்களே" என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வருடத்திலிருந்து படியுங்கள் என்றேனே, இப்போது அந்த மூன்றாம் வருடம். முதல் இரண்டு வருடம் பாடமும் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்குப் போய்ப் பழகுவதும். மூன்றாம் வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப், ஒரு பள்ளி மாவட்டத்தில், முழு நேரம். 1,200 மணி நேரத்தில் பாதியாவது பள்ளியில்தான் இருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமாவது மேற்பார்வையாளர் உங்களோடு உட்கார வேண்டும். விதி அவ்வளவுதான். அந்தப் பள்ளி எது, அந்த மேற்பார்வையாளர் யார், உட்காருகிற இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு படிப்புக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வரும். எந்தத் தரவரிசையிலும் இதைப் பார்க்க முடியாது.

நேர்காணலுக்குப் போன இடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓரிடத்தில் புதுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள், ஒருவழிக் கண்ணாடி வைத்த அறையைக் காட்டினார்கள், சாண்ட்விச் நன்றாக இருந்தது. இன்டர்ன்ஷிப் யார் ஏற்பாடு செய்வார்கள் என்று கேட்டதற்கு, "எங்கள் மாணவர்களுக்கு எப்போதும் இடம் கிடைத்துவிடும்" என்றார் பொறுப்பில் இருந்தவர். மதியம் மாணவர்களோடு தனியாக விட்டார்கள். இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வகுப்பில் சிலருக்கு ஆகஸ்டில்தான் இடம் உறுதியானது என்றாள். செப்டம்பரில் பள்ளி திறக்கிற ஊரில் ஆகஸ்ட் என்றால் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னோரிடத்தில் கட்டடம் பழசு, ஹீட்டர் கடகடவென்று சத்தம் போட்டது. ஆனால் அதே கேள்விக்கு அந்தப் பேராசிரியர் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கடந்த சில வருடங்களில் யார் எந்த மாவட்டத்துக்குப் போனார்கள், சம்பளம் உண்டா இல்லையா, மேற்பார்வையாளர் எத்தனை வருட அனுபவம் உள்ளவர் என்று வரிசையாக. மாணவர் பெயர்கள் மட்டும் மறைக்கப்பட்டிருந்தன. நான் சேர்ந்தது அங்கேதான்.

சம்பளம் உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு வருடம் முழு நேரம் உழைக்கப் போகிறீர்கள். சில மாநிலங்களில், சில மாவட்டங்களில் இன்டர்னுக்கு நல்ல தொகை கொடுக்கிறார்கள், சில இடங்களில் ஒரு காசு கிடையாது. சம்பளமில்லாத இடமென்றால் அந்த வருடத்து வாடகைக்கு என்ன செய்வீர்கள் என்பதும் சேர்க்கைச் செலவில் ஒரு பகுதிதான்.

மேற்பார்வை என்றால் என்ன என்று காட்ட என் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற ஓரிரு வருடம் இருந்த பெண்மணி. என் முதல் அறிக்கை பதினைந்து பக்கத்துக்கு மேல் இருந்தது. எண்கள், அட்டவணைகள், சதமான நிலைகள், "செயல் நினைவாற்றல் குறியீடு சராசரிக்கும் கீழான வரம்பில் அமைந்துள்ளது" என்கிற ரக வாக்கியங்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்து, தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அம்மா. எனக்கு வாசித்துக் காட்டு" என்றார். இரண்டு வாக்கியம் வாசித்திருப்பேன். "என் பையன் படிப்பானா, மாட்டானா?" என்று குறுக்கே கேட்டார், உண்மையான அம்மாவைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு. அப்புறம் இரண்டு மணி நேரம் அந்தக் குறியீட்டு வாக்கியத்தை மட்டும் உடைத்தோம். கடைசியில் அது இப்படி ஆனது: ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் இரண்டாவதிலேயே இவனுக்கு விட்டுப் போகிறது. ஒவ்வொன்றாகச் சொன்னால் மூன்றையும் செய்கிறான், நான் பார்த்தேன்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. அந்தப் பெண்மணியைப் போன்றவர்களோடு பல வருடத் தொடர்பு வைத்திருந்த சின்னக் கல்லூரி எனக்கு வாய்த்தது. இப்படி ஒருவர் எனக்குக் கிடைத்தது பாதி அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்பு எங்கே அதிகம் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள்.

மூன்றாம் வருடத்தைப் பார்த்தாகிவிட்டது என்றால் இரண்டாம் வருடத்துக்கு வாருங்கள். அங்கே கேட்க வேண்டியது சோதனைகளைப் பற்றி. வெக்ஸ்லர் ஐந்தாம் பதிப்பில் சிவப்பு, வெள்ளைக் கட்டைகளை அடுக்கச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. (கேள்விகளையும் விடைகளையும் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் பென்சில், மடியில் கையேடு, எதிரே காலை ஆட்டிக்கொண்டிருக்கும் எட்டு வயது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை அச்சடித்தபடி ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும், ஆனால் ஒப்பிப்பது போலவும் இருக்கக் கூடாது. இது வெறும் பழக்கம்தான், சைக்கிள் ஓட்டுவது போல. எத்தனை தடவை செய்தோம், செய்ததை யாராவது பார்த்துத் திருத்தினார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் வகுப்பில் ஒவ்வொரு சோதனையையும் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் கூட்டலில் ஒரு தப்பு இருந்தால் தாள் முழுக்கத் திரும்பி வரும்.

இங்கே சல்லித்தனமாகத் தோன்றும் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: எத்தனை சோதனைப் பெட்டி வைத்திருக்கிறீர்கள்? ஒரு வெக்ஸ்லர் பெட்டி ஆயிரம் டாலருக்கு மேல். ஐபேடில் செய்யும் வடிவமும் வந்துவிட்டது, அதற்கும் தனிக் கட்டணம். இரண்டு பெட்டியும் இருபது மாணவர்களும் இருக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடி கார் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் யாரும் கேட்காத, ஆனால் அவசியம் கேட்க வேண்டிய இன்னொன்று, இருமொழிக் குழந்தைகளை மதிப்பீடு செய்யச் சொல்லித் தருகிறார்களா என்பது. கலிபோர்னியாவிலேயே 1970-ல் டயானா என்ற வழக்கு. ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு மந்தபுத்தி என்று முத்திரை குத்தியதை எதிர்த்துப் போட்டது. ஒரு குழந்தையின் சிரமத்துக்கு முக்கியக் காரணம் ஆங்கிலம் போதாமை என்றால் அதைக் குறைபாடு என்று தீர்மானிக்கக் கூடாது என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தும் என் மேஜைக்கு வருகிற கோப்புகளில் நம் குழந்தைகள் இருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து சில மாதமே ஆன ஒரு சிறுவன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்), வகுப்பில் வாயே திறப்பதில்லை, கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, ஆட்டிசமாக இருக்குமோ என்று ஆசிரியரின் குறிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுத் தமிழில் பேசினேன். ஊரில் மிஸ் பேசும்போது நிமிர்ந்து பார்த்தால் அடி விழும் என்று பழக்கப்பட்ட பிள்ளை. அவன் எதிரே உட்கார்ந்து, "அங்க உங்க வீட்டுப் பக்கத்துல யாருடா இருந்தா?" என்று கேட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டு நாய், அதன் குட்டிகள், ஒரு குட்டியைக் காரில் அடித்துவிட்டது என்று நிற்காமல் கொட்டினான், என் கண்ணையே பார்த்துக்கொண்டு.

எல்லா மொழிக்கும் ஆள் கிடைக்காது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது, பேச்சு தேவைப்படாத சோதனைகளை எப்போது எடுப்பது, அவற்றையும் எவ்வளவு நம்புவது என்பதெல்லாம் கற்றுக்கொள்கிற விஷயங்கள். நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரி, குயின்ஸ் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இருமொழிக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு பார்க்கக் குறைவு. தமிழோ வேறொரு மொழியோ சரளமாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த மாதிரி இடங்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பணம். கடன் வாங்கிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராஜுவேட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குவோருக்குக் கிடையாது. சாதாரண முதுகலைப் படிப்புக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்பதுதான் எல்லை. மீதிக்குத் தனியார் கடன் என்றால் வட்டியும் நிபந்தனையும் வேறு மாதிரி. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து 120 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்கிற திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது மத்தியக் கடனுக்கு மட்டும். தனியார் கடனுக்குச் செல்லாது.

சில கல்லூரிகள் மாணவர்களுக்கு உதவித்தொகை தருவதாகச் சொல்லும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2022-ல் உவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த சட்டத்தின் கீழ், பள்ளிகளில் மனநலப் பணியாளர்களைப் பெருக்க மத்திய அரசு நிறையப் பணம் ஒதுக்கியது. பல கல்லூரிகள் அதை நம்பி மாணவர்களைச் சேர்த்தன. 2025 ஏப்ரலில் சுமார் 100 கோடி டாலர் மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று கல்வித் துறை அறிவித்துவிட்டது. இத்தனைக்கும் ஆள் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது. 500 மாணவருக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வேண்டும் என்பது நாஸ்ப் பரிந்துரை, நாட்டின் சராசரி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே மானியத்தில் வரும் உதவித்தொகை என்றால், அது நின்றால் இரண்டாம் வருடத்துக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக வரப் பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். இங்கே படிக்க இடம் கிடைக்கும், மாணவர் விசாவில் இன்டர்ன்ஷிப்பும் முறைப்படி அனுமதி வாங்கிச் செய்யலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். பள்ளி மாவட்டங்களில் பல எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்க முன்வருவதே இல்லை. முன்வருகிற மாவட்டமும் பொதுவாக மற்ற கம்பெனிகளைப் போலக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். திரும்பிப் போய் ஊரில் வேலை பார்க்கலாம் என்றால், நம் பள்ளிகளில் கவுன்சலர் உண்டு, சிறப்பாசிரியர் உண்டு, இந்தப் பதவி இதே வடிவில் இல்லை. பெரிய கடனை வாங்கிக்கொண்டு இந்த ஒரு படிப்புக்காக விமானம் ஏறுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கிரீன் கார்டோ, துணைவர் மூலம் வேலை அனுமதியோ இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஆன்லைன் படிப்பு பற்றியும் கேட்பார்கள். நல்லதும் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் சான்றிதழுக்குச் செல்லுமா என்பதை மட்டும் சேர்வதற்கு முன்பே பாருங்கள். எந்தெந்த மாநிலத் தகுதிக்குத் தங்கள் படிப்பு பொருந்தும் என்ற பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும், எங்கோ அடியில், சின்ன எழுத்தில். ஏ.பி.ஏ. என்கிற அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்புகள் இன்னொரு பக்கத்தையும் வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், முடிக்க எத்தனை வருடம் ஆனது, செலவு எவ்வளவு, எத்தனை பேர் உரிமம் வாங்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். என்னிடம் பேசிய பிள்ளைகளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. ஸ்பெஷலிஸ்ட் படிப்பென்றால் நாஸ்ப் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்.சி.எஸ்.பி. என்ற தேசியச் சான்றிதழ் வாங்குவது சுலபம், பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வில் 155 எடுத்தால் போதும். மாநிலம் மாறிப் போகும்போது பல இடங்களில் அது கை கொடுக்கும்.

தேதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். முனைவர் படிப்புகளுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே கெடு முடிந்துவிடும், ஸ்பெஷலிஸ்ட் படிப்புகளுக்கு ஜனவரி, பிப்ரவரி என்று போகும். நேர்காணல் பிப்ரவரி, மார்ச்சில். உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் மார்ச்சிலேயே பதில் சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால் மரியாதையாக அந்தத் தேதியை நினைவுபடுத்துங்கள். உதவித்தொகை இல்லாத இடத்துக்கு இது பொருந்தாது, கெடு எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த இடைவெளியில் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் ஒருவருடைய நம்பரைக் கல்லூரியிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை அவர்கள் பள்ளியில் இருப்பார்கள்.